செயலட்டையில் பிரசினம் எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

தரம் 10, 11 கணிதத்துக்கென்று தயாரிக்கப்படும் பிரசின மையக் கற்றல் செயலட்டைகள் (ஓர் உண்மையான சிக்கலைப் பிள்ளைகளே தீர்த்துக் கற்பதற்கான தாள்கள்) பலவற்றில் பிரசினமே இல்லை. பாடநூல் கணக்கில் ஒரு விவசாயியை நுழைத்து, வேண்டிய எண்களையெல்லாம் மேலே தந்து, (அ), (ஆ), (இ) என்று வழியையும் வெட்டிவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது பெருக்கல்தான்.

இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு வயல் வாய்க்காலே நல்ல அட்டைக்குப் போதும். கேள்வி ஒரே வரி: ஓர் ஏக்கர் வயலில் 5 சென்ரிமீற்றர் தண்ணீர் கட்ட மடையை எவ்வளவு நேரம் திறந்துவைக்க வேண்டும்? வாய்க்காலின் குறுக்குவெட்டு ஒரு சரிவகம். அதன் பரப்பளவை முன்கூட்டிப் படிப்பிக்கத் தேவையில்லை. வாய்க்காலை அளக்கப் போன பிள்ளைகள் தாங்களே கேட்பார்கள்.

நீர்மட்டத்தில் அகலம் 1.2 மீற்றர், அடியில் 0.6, ஆழம் 0.4 என்றால் குறுக்குவெட்டு 0.36 சதுர மீற்றர். வேகத்தை அறிய மிதக்கவிட்ட தோடம்பழம் 10 மீற்றரை 25 செக்கனில் கடந்தால் செக்கனுக்கு 0.144 கன மீற்றர் தண்ணீர் வரும். ஏக்கர் 4047 சதுர மீற்றர். தேவை ஏறத்தாழ 202 கன மீற்றர். விடை 23 நிமிடத்துக்குச் சற்றுக் கூட.

அட்டை இதோடு முடியக் கூடாது. மேலே ஓடும் தண்ணீர் அடியில் ஓடுவதைவிட வேகமானது. சராசரி வேகத்தைப் பெறப் பழத்தின் வேகத்தை 0.85 ஆல் பெருக்கினால் நேரம் 27½ நிமிடமாகும். மண் குடிப்பது வேறு. இவற்றை எடுகோளாக எழுதிக் காரணமும் சொல்லும் குழுவுக்குத் தனிப்புள்ளி வேண்டும்.

வழக்கமான பிழைகள்: நீர்மட்ட அகலத்துக்குப் பதிலாகக் கரைக்குக் கரை அளப்பது, காய்ந்த இலையை மிதக்கவிடுவது (அதைக் காற்றுத் தள்ளும்), 5 சென்ரிமீற்றரை 5 மீற்றராக எடுப்பது. கடைசிப் பிழையில் விடை 39 மணித்தியாலம் வரும். ஆசிரியர் திருத்த வேண்டாம், வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை பார்த்துச் சிரித்துவிடும்.

இதற்குப் பாடவேளை இரண்டைச் சேர்த்தே ஒதுக்க வேண்டும். வழிகாட்டும் குறிப்புகள் தனித்துண்டில் இருக்கட்டும். பத்து நிமிடம் திணறிய குழுவுக்கு மட்டும் கொடுக்கலாம். முழங்காலளவுக்கு மேல் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் பிள்ளைகளை இறக்கவே கூடாது. வாய்க்கால் காய்ந்த மாதங்களில் அளவீடுகளை அட்டையில் தரலாம். ஆனால் பழம் 10 மீற்றரைக் கடந்த நேரங்களின் சராசரியைத் தராமல் 24, 26, 37 செக்கன் என்று மூன்றையும் அப்படியே தந்து, மூன்றாம் முறை பழம் கரைப்புல்லில் தட்டியது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 37 ஐ எடுப்பதா விடுவதா என்று பிள்ளைகள் வாதாடட்டும்.

இங்ஙனம்,
கணித ஆசிரியர்கள் சிலர்,
கிளிநொச்சி.