இந்த மாசம் சீசன் எடுத்தியா

பெரியவனே,

போன் பண்ணா மீட்டிங்ல இருக்கேன்மான்னு வச்சிடுற, அதான் வாட்ஸப்ல எழுதறேன், தமிழ் கீபோர்டு சின்னவன் போட்டு குடுத்தான். நேரத்துக்கு சாப்பிடறியா? இந்த மாசம் ட்ரெயினுக்கு சீசன் டிக்கெட் எடுத்தியா? கூடுவாஞ்சேரிலேந்து கிண்டிக்கு தினம் க்யூல நின்னு டிக்கெட் வாங்காத, சீசன்தான் லாபம்.

நீ அங்க ஃப்ளாட் வாங்கினப்ப தெரு முழுக்க சொன்னேன் என் புள்ள மெட்ராஸ்ல வீடு வாங்கிட்டான்னு. உன் மாமாதான், அது எங்க மெட்ராஸு, செங்கல்பட்டு மாவட்டம்னு மூக்கறுத்தாரு. 2023 கடைசில கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் தொறந்தாங்க பாரு, அப்புறம் வாயே தொறக்கல. தெக்கத்தி ஜனமெல்லாம் உங்க ஏரியாவுலதான் வந்து எறங்குது. உனக்கு மட்டும் நம்ம அரக்கோணம் தூரம், இல்ல? செங்கல்பட்டுலேந்து காஞ்சிபுரம் வழியா வண்டி இருக்கு, மெட்ராஸ் போய் சுத்தக்கூட வேணாம். பொங்கலுக்கும் வரல.

பாப்பா வீடியோ கால்ல சொல்லிச்சு, அப்பாதான் தினம் ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போறாரு, தோசை கூட அப்பாதான் சுடறாருன்னு. மருமக உடனே போனை வாங்கிட்டா. வொர்க் ஃப்ரம் ஹோமா இருக்கும், நான் ஒண்ணும் கேக்கல. சீசன் எடுத்தியான்னுதான் கேக்கறேன்.

உங்கப்பா வேலை பாத்த எடத்தை மூடினப்ப மூணு மாச சீசன் அப்பதான் எடுத்திருந்தாரு. வேற எடத்துல சேந்துட்டேன்னு சொல்லிட்டு அதே விடியக்கால வண்டில டிபன் பாக்ஸோட கெளம்புவாரு, கடம்பத்தூர் தாண்டறதுக்குள்ள சீட்டுக்கட்டு எறங்கிடும், அந்த செட்டுக்கும் மூச்சு விடல. பெரம்பூர்ல எறங்கி எங்க உக்காந்திருந்தாரோ. சட்டை கறையே இல்லாம வரும், தொவைக்கிறவளுக்கு தெரியாதா? சோறு மட்டும் கொஞ்சம் கூட வச்சு அனுப்புவேன். சீசன் முடிஞ்ச அன்னிக்கு அவரே சொன்னாரு, சரி கை கழுவிட்டு வாங்கன்னேன். உன்கிட்ட இதை ஏன் சொல்றேன்னு தெரியல.

ஈஎம்ஐ பத்தி நான் பேச வரல. ராத்திரி கண்ணு முழிக்காத. மாடி போர்ஷன் காலி பண்ணிட்டாங்க, இப்போதைக்கு யாருக்கும் விடல, சுண்ணாம்பு அடிக்கணும்.

அப்புறம் பேங்க்ல அந்த டெபாசிட் முடியுது. என் கையெழுத்து ஒத்து வரலைங்கறான், உன் பேரையும் சேத்துடலாம்னு இருக்கேன். சின்னவன் கிட்ட சொல்லியாச்சு, அவனுக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. வர்ற சனிக்கிழமை பேங்க் இருக்கான்னு பாத்துக்கோ, ஆதார், பான் ரெண்டும் எடுத்துட்டு வா, போட்டோ ரெண்டு.