ஒன்று முதல் பத்து வரை கையாலும் சொல்லித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொடக்கப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்புகள் நடக்கும் விதம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகள் பாட்டாகப் பாடி எண் படிப்பதை அழகாக எழுதியிருந்தீர்கள். நான் முப்பத்தோரு வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். கைதட்டி, ஒண்ணு ரெண்டு மூணு சொல்ல வைத்து, எத்தனையோ பிள்ளைகளை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பாட்டு காதில் விழாத பிள்ளை எப்படி எண்ணப் படிக்கும் என்று அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. மகள் வயிற்றுப் பேத்திக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் நினைத்தேன்.

அவளுக்கு இப்போது ஏழு வயது. ஒன்றரை வயதில் கண்டுபிடித்தோம். காது மெஷின் போட்டும் பெரிய சத்தம் மட்டும்தான் எட்டும். பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: “கையை ஆட்டிப் பேசாதீங்க, அப்புறம் பிள்ளை வாயே திறக்காது.” என் மகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். குழந்தை எதையாவது சுட்டிக் காட்டினால்கூடக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவாள். மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. பேச்சுப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இன்றும் வாரத்துக்கு ஒரு நாள் போய்வருகிறாள். ஆனால் கையை இறக்கிவிட்ட அந்த மூன்று வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை.

என் அப்பா மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகர். சின்ன வயதில் அவர் கூடவே போய் நிற்பேன். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரே துண்டுக்குள் இருக்கும். இத்தனை விரலைப் பிடித்தால் இவ்வளவு என்று கணக்கு. சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் தெரியாமல், வாயிலிருந்து ஒரு சொல் வராமல், ஒரு ஜோடிக் காளைக்கு விலை முடிந்துவிடும். அப்பாவுக்குப் பேச்சு வராமல் போகவில்லை. கையால் கணக்குச் சொல்லியே பிழைத்த வீட்டில் பிறந்த நான், என் பேத்தியின் கையைக் கட்டிப்போட விட்டுவிட்டேன்.

அவளுக்கு எண் தெரியவில்லை என்பதே எங்களுக்கு வெகுநாள் தெரியாது. ஐந்து வயதில் ஒரு நாள், நாலு டம்ளர் எடுத்து வா என்று நாலு விரலைக் காட்டினேன். அவளும் அச்சாக நாலு விரலைக் காட்டினாள். எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போய் ஆறு டம்ளரைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். மறுபடியும் காட்டினேன், மறுபடியும் நாலு விரலைத் திருப்பிக் காட்டினாள், இந்தத் தடவை மூன்று வந்தது. என் கை எப்படி இருந்ததோ அப்படியே தன் கையை வைத்தாளே தவிர, அந்த விரல்களுக்கும் டம்ளருக்கும் சம்பந்தம் உண்டு என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை. காது கேட்கிற பிள்ளைக்கு அந்தச் சம்பந்தம் தானாக வந்து சேர்கிறது. படியேறும்போது அம்மா எண்ணுகிறாள், இட்லி வைக்கும்போது பாட்டி எண்ணுகிறாள், பக்கத்து வீட்டில் யாரோ சில்லறை எண்ணுகிறார்கள். இவளுக்கு இது எதுவும் இல்லை.

இது என் பேத்திக்கு மட்டும் நேர்ந்த குறை இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். நிகரகுவா நாட்டில் காது கேளாமல் பிறந்து, எந்தச் சைகை மொழியும் கற்றுக்கொள்ள வழியில்லாமல் வளர்ந்த பெரியவர்கள் சிலரை ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். வேலை செய்து, பணம் புழங்கி வாழ்கிறவர்கள். ஆனாலும் மூன்றுக்கு மேல் போனால், இத்தனை என்று சில தடவை சரியாகச் சொன்னாலும் சில தடவை தவறிவிட்டார்களாம். விரல் எல்லோருக்கும்தான் இருக்கிறது. ஒன்றுக்குப் பின் இரண்டு, இரண்டுக்குப் பின் மூன்று என்ற வரிசையை ஒரு மொழிதான் தர வேண்டியிருக்கிறது. அது வாய்மொழியாகவும் இருக்கலாம், கைமொழியாகவும் இருக்கலாம்.

நான் சொல்லித்தர ஆரம்பித்ததும் ஒரு தப்போடுதான் ஆரம்பித்தேன். போனில் தேடி, முதலில் வந்த வீடியோவைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டால் ஆறு, மோதிர விரலைத் தொட்டால் ஏழு என்று போயிற்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல்கடை வைத்திருக்கும் காது கேளாத தம்பி ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, சாக்கட்டியால் துணியில் ‘அமெரிக்கா’ என்று எழுதிக் காட்டினார். சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. நம் நாட்டுக்கென்று இந்திய சைகை மொழி இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை அத்தனை விரல்கள். பூஜ்யத்துக்கும் ஆறு முதல் ஒன்பது வரைக்கும் தனித்தனி வடிவம், அதுவும் ஒற்றைக் கையிலேயே. நாம் எழுதும் எண்ணின் உருவத்திலிருந்து அவை வந்தன என்கிறார்கள். ஊருக்கு ஊர் சிறு மாற்றம் இருக்கும். என்னைப் போல வீடியோ பார்த்துப் படிக்கிற தாய்மார் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து அது எந்த நாட்டுச் சைகை என்று முதலில் பாருங்கள்.

அந்தத் தம்பி காட்டிக் கொடுத்தபடி, பரணில் கிடந்த பல்லாங்குழியை இறக்கினேன். ஒரு புளியங்கொட்டையைக் குழியில் போடுவேன், ஒன்று என்று கை காட்டுவேன். இன்னொன்று போடுவேன், இரண்டு காட்டுவேன். கொட்டை விழாமல் கை மாறாது, கை மாறாமல் கொட்டை விழாது. பத்துப் பன்னிரண்டு நாள் வேடிக்கைதான் பார்த்தாள். ஒரு நாள் நான் வேண்டுமென்றே ஒரு குழியில் நாலு கொட்டை போட்டுவிட்டு ஐந்து காட்டினேன். என் சுண்டுவிரலைப் பிடித்து மடக்கிவிட்டாள்!

அதற்குப் பிறகு வேகம்தான். பத்தைத் தாண்டியதும் இன்னொரு அதிசயத்தைப் பார்த்தேன். தமிழில் எண் சொல்லித்தந்தவர்களுக்கு இந்தச் சிரமம் தெரியும்: எண்பதுக்கு அடுத்து ‘ஒன்பது பத்து’ என்று வர வேண்டிய இடத்தில் ‘தொண்ணூறு’ வந்து நிற்கும், பிள்ளை அதை நூறோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும். கையில் அந்தச் சிக்கல் இல்லை. ஒன்பது காட்டி, பூஜ்யம் காட்டினால் தொண்ணூறு. இரண்டும் ஐந்தும் காட்டினால் இருபத்தைந்து. கரும்பலகையில் எழுதுவது எப்படியோ கையிலும் அப்படியே. காது கேட்கிற பிள்ளைக்கும் இடமதிப்பு சொல்லித்தர இதைவிட நல்ல உபகரணம் எனக்குத் தெரியாது.

வகுப்பறைக்கு வருகிறேன். ஊர் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள். வகுப்பே சேர்ந்து ஒன்று முதல் நூறு வரை கத்திச் சொல்லும். இவளும் வாயை அசைப்பாள். “நல்லா சொல்றாம்மா” என்றார் டீச்சர். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன், நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாக மேய்க்கிறவர். ஆனால் இருபது, அறுபது, எழுபது, எண்பது எல்லாமே உதட்டில் பார்த்தால் ‘பது’ என்றுதான் முடியும். பக்கத்துப் பிள்ளை வாயைப் பார்த்து அசைத்திருக்கிறாள், அவ்வளவுதான். சிறப்புப் பயிற்றுநர் வருகிற நாளில் மட்டும் அவளுக்குக் கணக்குப் பாடம் நடக்கிறது.

கையை ஆட்டாதே என்ற சொல் எங்கிருந்து வந்தது என்றும் தேடிப் பார்த்தேன். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு மாநாடு கூட்டி, பள்ளிகளில் சைகை கூடாது, வாய்ப்பேச்சுதான் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானித்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் காது கேட்கிறவர்கள். 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தமும் தெரிவித்துவிட்டது. அந்தச் செய்தி எங்களுக்குப் பயிற்சி தந்த அறைக்கு வந்து சேரவே இல்லை.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015-இல் வந்தது. 2021-இல் வெளியான அதன் அகராதியில் பத்தாயிரம் சொற்கள் உள்ளன. இவ்வளவும் இருக்க, எங்கள் ஊர் இரண்டாம் வகுப்பில் ஏழு என்பதைக் கையால் காட்டத் தெரிந்தவள் என் பேத்தி ஒருத்திதான்.

ஒருத்தி மட்டும் தெரிந்துகொண்டால் அது மொழி ஆகாது. தெருப்பிள்ளைகள் ஐஸ் பாய் விளையாடுவார்கள். கண்ணைப் பொத்தியவன் எண்ணி முடித்தது இவளுக்குத் தெரியாது, அதனால் எப்போதும் முதலில் மாட்டுகிறவள் இவள்தான். பிறகு வருவதையே நிறுத்திவிட்டாள். போன கோடை விடுமுறையில் நான்கு பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து, பத்து வரை கைச்சைகை சொல்லிக்கொடுத்தேன். ஒரு சாயங்காலம்கூட ஆகவில்லை, படித்துவிட்டார்கள். இப்போது மாட்டிக்கொண்டவன் இடது கையில் முகத்தைப் புதைத்து வேப்பமரத்தில் சாய்ந்துகொள்கிறான், வாயால் எண்ணும்போதே வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆறு, ஏழு, எட்டு என்று காட்டிக்கொண்டே போகிறான். இவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, பத்து வந்ததும் தலையை இழுத்துக்கொள்கிறாள்.

தங்கள் இதழ் வழியாகப் பள்ளிக் கல்வித் துறையிடம் நான் கேட்பது ஒன்றுதான். 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ நடக்கிற எல்லா வகுப்புகளிலும், காது கேளாத பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கணக்குப் பயிற்சி நூலில் எண்ணுக்குப் பக்கத்தில் அதன் கைப்படத்தையும் அச்சிடுங்கள். எண் பாட்டுப் பாடும்போது வாயோடு கையும் சொல்லட்டும். படம் வரைவதற்கு முன்னால் காது கேளாத பெரியவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சரிபாருங்கள், என்னைப் போல அமெரிக்க ஆறைப் படித்துவிட்டுத் திருத்த வேண்டாம். அங்கன்வாடிகளுக்கும் அதே படத்தைச் சுவரில் ஒட்டக் கொடுங்கள், மூன்று வயதுப் பிள்ளையின் கண் எட்டும் உயரத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர்,
மணப்பாறை வட்டம்.