தொடருக்கும் மேடைக்கும் நடுவே

அன்பு மகள் யாழினிக்கு,

நலம். நீ போன கடிதத்தில் கேட்டதைச் சுற்றி வளைக்காமல் எடுத்துக்கொள்கிறேன். நீளமான தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டால் மேடை கைவிட்டுப் போய்விடுமா என்று கேட்டிருந்தாய். போகலாம், போகாமலும் இருக்கலாம். டேவிட் சூஷே என்ற ஆங்கில நடிகர் ஒருவரின் வாழ்க்கையை மட்டும் வருடவாரியாக எழுதுகிறேன், பார்.

அகதா கிறிஸ்டியின் கதைகளில் வரும் துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோவாக அவர் முதன்முதலில் திரையில் வந்தது 1989 ஜனவரி 8. கடைசிக் கதை ஒளிபரப்பானது 2013 நவம்பர் 13. இருபத்து நாலு வருடங்களில் 70 கதைகள். எல்லோரும் இந்தக் கணக்கைத்தான் சொல்வார்கள். நீ அதற்கு முந்தைய இருபது வருடங்களைப் பார். பிறந்தது 1946. லாம்டா என்ற லண்டன் நாடகப் பள்ளியில் படித்துவிட்டு 1969இல் செஸ்டர் ஊரின் கேட்வே தியேட்டரில், ரெப்பர்டரி நாடகக் குழுவில், சேர்ந்தார். தொலைக்காட்சி அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனபோது வயது 42.

ரெப்பர்டரி என்றால் என்ன வேலை என்று உனக்குத் தெரியும்: இரவில் ஒரு நாடகம், பகலில் அடுத்ததற்கு ஒத்திகை. வசனம் சீக்கிரம் மனப்பாடமாகும், எந்த மேடையிலும் கால் நடுங்காது. ஆனால் அங்கே ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். நேரம் இல்லாததால் கிழவன் என்றால் ஒரே கூன், பணக்காரன் என்றால் ஒரே கனைப்பு என்று கைவசம் நாலு சரக்கு சேர்ந்துவிடும். இதை முறிக்க வேண்டுமானால் முடித்த வேடத்துக்கு நேர் எதிர் வேடத்தைத் தேடிப் போக வேண்டும். சூஷே 1973இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த ஷேக்ஸ்பியர் வேடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்: டிபால்ட், லியர் மன்னனின் விதூஷகன், 1978இல் காலிபன், 1981இல் ஷைலாக், 1985இல் இயாகோ. இயாகோவுக்கு எதிரே ஒத்தெல்லோவாக நின்றவர் பென் கிங்ஸ்லி.

ஷைலாக்கைப் பற்றி, அதாவது 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் யூத வட்டிக்காரனைப் பற்றி, ஒன்று சொல்ல வேண்டும். ஜான் பார்ட்டன் என்ற ஒரே இயக்குநர், மூன்றே வருட இடைவெளியில், முதலில் பாட்ரிக் ஸ்டுவர்ட்டையும் பிறகு சூஷேயையும் அந்த வேடத்தில் இயக்கினார். பிற்பாடு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, அதே காட்சிகளை மாறி மாறி நடிக்கச் சொன்னார். ஸ்டுவர்ட் யூதன் என்பதைப் பின்னுக்குத் தள்ளி, ஒதுக்கப்பட்ட தனி மனிதனாகப் பிடித்தார். சூஷே, யூதன் என்பதால்தான் அவன் வெளியாள் என்று பிடித்தார். வரி ஒன்றே, இயக்குநர் ஒருவரே, ஆள் மட்டும் வேறாகிவிட்டான். கிடைத்தால் அதை இரண்டு தடவை பார். முதல் தடவை சூஷேயைப் பார்க்காதே, சூஷே நடிக்கும்போது ஸ்டுவர்ட் எப்படிக் கேட்கிறார் என்பதைப் பார்.

இனி புவாரோ. அதே 1985இல் பீட்டர் உஸ்தினோவ் புவாரோவாக நடித்த ஒரு படத்தில், அந்தக் கதைகளில் வரும் போலீஸ் அதிகாரி இன்ஸ்பெக்டர் ஜாப்பாகச் சூஷே வந்தார். தன் வாழ்நாளிலேயே மோசமான நடிப்பாக அது இருக்கலாம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். (எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.) அதனால்தானோ என்னவோ, புவாரோ தன் கைக்கு வந்ததும் கண்ணாடி முன் நிற்காமல் அகதா கிறிஸ்டியின் கதைகளோடு உட்கார்ந்தார். ஆசிரியர் அந்த மனிதரைப் பற்றிச் சொல்லியிருப்பதை மட்டும் எண் போட்டு எழுதினார். மொத்தம் 93 குறிப்புகள். முதல் குறிப்பு: பெல்ஜியக்காரர், பிரெஞ்சுக்காரர் அல்ல. பளபளக்கும் இறுக்கமான கூர்முனைக் காலணி, விமானம் ஏறினால் வயிற்றைக் குமட்டுவது, தூங்குமுன் பைபிள் வாசிப்பது என்று பட்டியல் நீளும். சர்க்கரைக் கட்டி நாலு, சில சமயம் மூன்று, ஓரிரு முறை ஐந்து என்று ஒரு குறிப்பு. கதைகள் தங்களுக்குள் முரண்படும் இடத்தில் அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அடிக்கவில்லை பார். நீ பட்டியல் போடும்போதும் அப்படியே விடு. 'நல்லவள்', 'கோபக்காரி' போன்ற தீர்ப்புகளை எழுதாதே, அவற்றை உடம்பால் செய்ய முடியாது. கைக்கும் காலுக்கும் வாய்க்கும் வேலை தரும் குறிப்பாக இருக்கட்டும்.

நடை அந்தக் காலணிக் குறிப்பிலிருந்து பிறந்தது. லாரன்ஸ் ஒலிவியே ஒரு பகட்டுக்காரன் வேடத்துக்குச் செய்ததாகக் கேட்டிருந்த உத்தியை எடுத்துக்கொண்டார்: பிருஷ்டத்துக்கு நடுவே ஒரு சின்னக் காசை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் நடப்பது. சிரிக்காதே, செய்து பார். அடி தானாகக் குறுகும், முழங்கால்கள் நெருங்கும், தலை ஆடாது. பலர் தோளையும் சேர்த்து இறுக்கிக் கெடுத்துவிடுவார்கள். அப்போது நடை பொம்மை நடையாகிவிடும். இறுக்கம் இடுப்புக்குக் கீழோடு நிற்க வேண்டும்.

குரல் இன்னும் கஷ்டம். சூஷேயின் சொந்தக் குரல் மார்பிலிருந்து வரும் கனத்த குரல். மூளையாலேயே வாழும் மனிதருக்கு அது பொருந்தாது என்று தலைக்கு ஏற்றினார். பெல்ஜியம் வானொலி கேட்டு உச்சரிப்பைப் பழகினார். நீ இதைச் செய்யும்போது தொண்டையால் தூக்காதே. தூக்கினால் சீக்கிரமே கரகரக்கும். வாயை மூடி 'ம்' என்று முனகு. அதிர்வு மூக்குத்தண்டுக்கும் நெற்றிக்கும் வந்த பிறகு வாயைத் திற.

அந்தப் பட்டியலுக்கு வேறொரு பயனும் இருந்தது. முதல் கதையின் படப்பிடிப்பில், பூங்கா பெஞ்சில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்காருவேன் என்றார் சூஷே. இயக்குநருக்கு அது கேலியாகத் தெரிந்தது. வாக்குவாதம் தயாரிப்பாளர் பிரையன் ஈஸ்ட்மனிடம் போனது. அவர் சூஷே பக்கம் நின்றார். பக்கபலமாக மூலக்கதை இருந்ததால் பிடிவாதம் நிலைத்தது. 'எனக்குத் தோன்றியது' என்று மட்டும் சொல்லியிருந்தால் முதல் வாரமே பெயர் கெட்டிருக்கும்.

சரி, மேடை என்ன ஆயிற்று? தொடர் ஒரே ஓட்டமாக ஓடவில்லை. 1990களின் நடுவில் நின்றது, 2000இல்தான் புதிய கதைகள் திரும்பி வந்தன. அந்த இடைவெளியில் வீட்டில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அல்ல அவர். அதற்கு முன்பே 1993இல், ஹெரால்ட் பின்டர் இயக்கத்தில் லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் இரண்டே பேர் நடிக்கும் நாடகம். 1998இல் பீட்டர் ஹால் இயக்கத்தில் 'அமேடியஸ்' நாடகத்தில் சாலியேரி, மொசார்ட்டைக் கண்டு பொறாமைப்படும் இசையமைப்பாளர். ஒப்பனையாளர் வயதைக் கொண்டுவரும் வேலை அங்கே இல்லை. சக்கர நாற்காலிக் கிழவன், பார்வையாளர் கண்ணெதிரே மேலங்கியும் குல்லாயும் கழற்றி இளைஞனாகிவிட வேண்டும், குரலாலும் முதுகெலும்பாலும். தொடரில் அடக்கி வைத்திருந்த மார்புக் குரலுக்கு அங்கே நிறையத் தீனி. பிறகு அந்த நாடகத்தோடு நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கும் போனார். 2010இல் ஆர்தர் மில்லர் நாடகம், 2012இல் யூஜின் ஓநீல் நாடகம், தொடர் முடிந்தபின் 2015இல் 69 வயதில் ஆஸ்கார் வைல்டின் நகைச்சுவை நாடகத்தில் லேடி பிராக்னெல் என்ற சீமாட்டி வேடம்! தொலைக்காட்சியிலும் 2007இல் பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல்லாக நடித்தது சர்வதேச எம்மி விருதைக் கொண்டுவந்தது. மீசைக்காரர் புவாரோவின் சாயல் அதில் துளியும் இல்லை.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் உன் ஏஜெண்டிடம் மூன்று கேள்வி கேள். அடுத்த தொகுதிக்கு உன்னைப் பிடித்து வைக்கும் உரிமை அவர்களுக்கு எத்தனை மாதம்? அந்த மாதங்களில் நாடகத்துக்குப் போக அனுமதி உண்டா? முடிவை எந்தத் தேதிக்குள் உனக்குச் சொல்வார்கள்? சம்பளத்தைப் பிறகு பேசலாம். தேதி தெரியாமல் எந்த நாடகத்துக்கும் சரி என்று சொல்ல முடியாது.

படப்பிடிப்பு வரிசையைப் பற்றியும் கேட்டிருந்தாய். கடைசித் தொகுதியில் புவாரோ இறக்கும் கதையை முதலில் எடுத்துவிட்டார்கள். கடைசியாகப் படமாக்கியது வேறொரு கதை, 2013 கோடையில், டெவனில் கிறிஸ்டியின் சொந்த வீடான கிரீன்வேயில். புவாரோவை உயிரோடு விட்டுப் பிரிய வேண்டும் என்று சூஷே விரும்பினார். உனக்கும் சாவுக் காட்சி இருந்தால் தேதியை முன்னமே கேட்டு வை. செத்த பிறகு சிரிக்கும் காட்சி வந்தால், அந்தச் சிரிப்பில் முடிவு தெரிந்துவிடக் கூடாது. அதற்கு ஒவ்வொரு காட்சித் தாளின் ஓரத்திலும் 'இவளுக்கு இதுவரை தெரிந்தது' என்று ஒரு வரி எழுதிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது உன் பட்டியல் எத்தனையில் நிற்கிறது என்று சொல். காசு எத்தனையாவது அடியில் விழுந்தது என்பதையும்.

அன்புடன்,
அம்மா