அடியில் கிடக்கும் வேட்டை மீனுக்கு ஏற்ற துணை எது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கப்பியும் தங்கமீனும் மட்டுமே வளர்ந்துவந்த வன்னி வீடுகளில் இப்போது பிச்சிர், ரெட்ரெயில் கட்பிஷ் (சிவப்பு வால் கெளிற்று இனம்) போன்ற, தொட்டியின் அடியில் கிடந்து இரை பிடிக்கும் மீன்களையும் காண்கிறேன். இவற்றுடன் எந்த மீனைச் சேர்த்து விடலாம் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை. கிளிநொச்சியில் சில ஆண்டுகளாக மீன் வளர்த்துவரும் எனக்கு இந்தக் கவலை சொந்த இழப்பிலிருந்து வந்தது.

2021ஆம் ஆண்டின் இறுதியில் விரல் நீளப் பிச்சிர் ஒன்றை வாங்கியபோது, அது சாதுவான மீன், எதனோடும் விடலாம் என்றே எனக்குச் சொல்லப்பட்டது. சில மாதங்களில் அது ஒரு சாணை எட்டியதும், கூட இருந்த ஒன்பது கப்பிகளும் இரண்டே இரவுகளில் காணாமற் போயின. பகலில் பார்த்தால் அது உண்மையிலேயே சாதுதான். கண் பார்வை குறைந்த அந்த மீன் மோப்பத்தால் இரை தேடுவது. விளக்கை அணைத்த பின், சிறு மீன்கள் அடிப்பக்கமாக இறங்கி ஓய்ந்திருக்கும் வேளையில்தான் அதன் வேட்டை தொடங்குகிறது. நம் குளத்து விராலைப் போல, வாய்க்குள் அடங்குவதை விழுங்குவது அதன் இயல்பு. அதைக் கோபக்கார மீன் என்று பழிப்பதில் நியாயமில்லை.

ஆகவே துணை மீனைத் தேர்வுசெய்யும்போது அதன் நீளத்தைவிட உடலின் உயரத்தையே பார்க்க வேண்டும். ஒல்லியான மீன் எவ்வளவு நீளமாக இருந்தாலும் மெல்ல மெல்ல உள்ளே போய்விடும். தட்டுப் போல் உயர்ந்த உடல் கொண்ட, நடு நீரில் நீந்தும் சில்வர் டொலர், வளர்ந்த பெரிய கௌராமி போன்றவை பிச்சிருக்குப் பொருந்தும். ஆனால் அவற்றையும் குஞ்சாக விட்டால் பலனில்லை. மறுபுறத்தில், சண்டைக் குணமுள்ள சிக்லிட் மீன்கள் பிச்சிரின் செட்டையையும் கண்ணையும் கொத்திக் காயப்படுத்தும். துணை மீன்கள் இரையை முந்தித் தின்றுவிட்டால் மோப்பம் பிடித்து மெதுவாக வரும் பிச்சிர் பட்டினி கிடக்கும் என்பதால், விளக்கை அணைத்த பிறகு அமிழும் உணவு போடுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

அழுக்கைத் தின்னட்டும் என்று பலரும் சேர்க்கும், கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் ராங்க் கிளீனர் (தொட்டி துப்புரவு) மீனைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அச்சம் வந்தால் அது தன் பக்கச் செட்டை முட்களை விரித்து இறுக்கிக்கொள்ளும். அதை விழுங்க முயலும் பெரிய கட்பிஷின் தொண்டையில் அந்த முள் பூட்டுப் போட்டதுபோல் சிக்கினால், விழுங்கியதும் விழுங்கப்பட்டதும் சேர்ந்தே சாகும். கெளிற்று முள் குத்திய கையின் கடுப்பை அறிந்த நம் குளத்து மீனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று, மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றபோது எனது சில்வர் டொலர் மீன்கள் மூச்சுத் திணறி இறந்தன. நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் பிச்சிர் உயிர் தப்பியது. வன்னியின் வெயிலில் சூடேறும் நீரில் ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு. எனவே இங்கே வளர்ப்பவர்கள், பிச்சிரைப் போலவே வெளிக்காற்றையும் சுவாசிக்கக்கூடிய கௌராமி இனங்களுக்கு முதலிடம் கொடுப்பது நல்லது என்பது என் துணிபு. தொட்டிக்கு இடைவெளியில்லாத மூடியும் வேண்டும். பிச்சிர் சிறு சந்து வழியாகவும் வெளியேறிவிடும்.

ரெட்ரெயில் கட்பிஷுக்கோ வீட்டுத் தொட்டியில் துணையே கிடையாது. கடையில் மூன்று அங்குலமாக இருக்கும் அது அமேசன் ஆற்றில் ஒரு மீற்றரைத் தாண்டி வளர்வது. ஓராண்டுக்குள் ஓரடியைக் கடந்து, கூட இருப்பவற்றை ஒவ்வொன்றாக முடித்துவிடும். அந்த நிலையில், மனம் கேட்காமல், அதைக் குளத்தில் விட்டுவிடலாமா என்று என்னிடமே இருவர் கேட்டிருக்கிறார்கள். 2025இல் குருநாகல் மாவட்டத்தின் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் வெளிநாட்டுப் பெருவிரால் பெருகியிருப்பது தெரியவந்தபோது அங்குள்ள நன்னீர் மீனவர்கள் பட்ட கவலையைச் செய்திகளில் படித்தோம். இரணைமடுவையும் முத்தையன்கட்டையும் வவுனிக்குளத்தையும் நம்பித் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது.

அலங்கார மீன் விற்பவர்கள் ஒவ்வொரு தொட்டியிலும் அந்த மீன் எவ்வளவு பெரிதாக வளரும், எவற்றுடன் விடக்கூடாது என்ற இரு விவரங்களைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்றும், வளர்க்க முடியாமற் போன மீனைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மீன் வளர்க்கும் வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.