துடிப்பு பாக்குற பனியன்: திருப்பூர் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க,

பனியன் கம்பெனி நடத்துற அண்ணன்மாருக்கும் சாம்பிள் ரூம்ல பேட்டர்ன் போடுற தம்பி தங்கச்சிகளுக்கும் சேத்துத்தான் எழுதறேன், இதயத் துடிப்பப் பாக்குற பனியன் ஒண்ண நாம செஞ்சு பாக்கலாம்னு கேட்டு. நானும் 16 வருசமா சாம்பிளிங்லதான் இருக்கேன்.

போன மாசி மாசம் எங்கம்மாவுக்கு படபடப்புன்னு ஹோல்ட்டர், அதாவது நாள் பூரா இதயத் துடிப்பப் பதியற மெசின், மாட்டி விட்டாங்க. 24 மணி நேரம். நெஞ்சுல ஜெல் ஸ்டிக்கர், இடுப்புல ஒரு பெட்டி, ஜாக்கெட்டுக்குள்ள வயரு சுருண்டு கெடக்கு, ராத்திரி வேர்த்ததுல ஒரு ஸ்டிக்கர் கழண்டு தொங்க, அத அமுக்கிப் புடிச்சிக்கிட்டே விடிய விடிய செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்துச்சு. மறுநாள் உரிச்சா ரூவாக் காசு மாதிரி வட்ட வட்டமா செவந்திருக்கு. அந்த ஒரு நாள்ல படபடப்பு வரவேயில்ல. அடுத்த வாரம் வந்துச்சு. விட்டு விட்டு வர்ற துடிப்புக் கோளாறு அப்படித்தாங்க, ஒரு நாள்ல சிக்காது.

துணியிலயே துடிப்பு பாக்கறது புதுசில்ல. 1990கள்லயே அமெரிக்காவுல ஜார்ஜியா டெக்ல சுந்தரேசன் ஜெயராமன் குழு சிப்பாய்களுக்காக ஸ்மார்ட் சட்டை செஞ்சு காட்டிட்டாங்க, அவரு மெட்ராஸ் யுனிவர்சிட்டில படிச்சவரு. இப்ப சில்வர் பூசுன நைலான் நூல் கெடைக்குது, அத நெஞ்சுல படற எடத்துல நிட் பண்ணிட்டா ஜெல் இல்லாமலே அதுவே துடிப்பு சிக்னலப் புடிக்கற எலக்ட்ரோடு.

சர்க்யூட்ட எஞ்சினியர் பாத்துக்குவாங்க. ஆனா துணி தோல்ல உக்காரலைன்னா அவங்க என்ன பண்ணுவாங்க? தோல்மேல வர்ற சிக்னல் ஒரு மில்லிவோல்ட் அளவுதான், துணி லேசா நகந்தாலே ஈசிஜி கோடு கன்னாபின்னான்னு குதிக்கும். காஞ்ச தோல்ல காண்டாக்ட் சரியா வராது, கொஞ்சம் வேர்த்தா நல்லா வரும், லூசா இருந்தா சிக்னல் போச்சு, டைட்டா இருந்தா வயசானவங்களுக்கு மூச்சு முட்டும். எங்க லைக்ரா ஏத்தணும், எங்க ரிப் வைக்கணும், தையல் எந்தப் பக்கம் வரணும்னு நம்மளவிட யாருக்குங்க தெரியும்?

பேட்டர்ன ஆம்பள பொம்மைக்குப் போடாதீங்க. பொம்பளைங்களுக்கு மாருக்குக் கீழ படியற பட்டை வேணும், இல்லைன்னா எலக்ட்ரோடு தூக்கிக்கிட்டு நிக்கும். அம்மாவுக்கு தோள்பட்ட வலி, கையத் தூக்கி தலை வழியா மாட்ட முடியாது, அதனால முன்னாடி ஹூக் வைங்க. அப்பறம் தொவைக்கறது. நம்ம வீட்டுல கல்லுல போட்டு கும்முவாங்க, ப்ளீச் ஊத்துவாங்க, சில்வர் பூச்சு போயி ரெசிஸ்டன்ஸ், அதான் கரண்டு பாயறதுக்குத் தடை, ஏறிடும். பையருக்கு வாஷ் டெஸ்ட் பண்ற மாதிரி ஒவ்வொரு தொவைக்கும் அந்த ரெசிஸ்டன்ஸ மல்டிமீட்டர் வச்சு அளந்து எழுதி வைங்க. டாக்டர்கிட்ட குடுத்து, ஜெல் ஸ்டிக்கர் ஈசிஜியோட ஒரே நேரத்துல ஓட்டிப் பாக்காம ஒரு பீஸ் கூட விக்காதீங்க, உயிர் சமாச்சாரம்.

ஆர்டர் கொறஞ்ச மாசத்துல ஒரு மெசினும் ஒரு டைலரும் ஒதுக்கிக் குடுங்க போதும். ஞாயித்துக்கெழமை நான் வந்து வெட்டித் தர்றேன், கூலி வேண்டாம். மொத பீஸ் 42 சைஸ், எங்கம்மா அளவு.