படத்தின் கீழே ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் இணைப்பில் வந்த 'அமெரிக்காவின் பழைய ஆலை நகரம்' படப் பக்கத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். ஊர்ப் பெயர் போடவில்லை. ஆனால் முதல் படத்தில் கால்வாய்க்கு அப்பால் நின்ற மணிக்கூண்டைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது: மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல், பூட் ஆலை. மகள் வீட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகளாக இந்த ஊரில்தான் இருக்கிறேன். அதற்கு முன் 31 ஆண்டுகள் நூற்பாலையில் ரிங் பிரேம் என்ற நூல் நூற்கும் இயந்திரத்தைப் பார்த்தவன்.

படங்கள் நன்றாக இருந்தன. என் மனக்குறையெல்லாம் அவற்றின் கீழே இருந்த வரிகளைப் பற்றியதுதான்.

இரண்டாவது படத்தில் ஆளில்லாத நீண்ட கூடம், பலகைத் தரை, சன்னல் வெயில். 'காலம் உறைந்த கூடம்' என்று எழுதியிருந்தீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தரையில் சீரான இடைவெளியில் கறுத்த எண்ணெய்த் திட்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் நடுவிலும் போல்ட் துளை. இயந்திரங்களின் கால்கள் நின்ற இடங்கள் அவை. இரண்டு வரிசைத் திட்டுகளுக்கு இடையில் பலகை தேய்ந்து மினுங்குகிறதே, அது ஆட்கள் நடந்த தடம். அறுந்த நூலை ஒட்டுவது, நூல் சுற்றி நிரம்பிய பாபினை (நூல் கட்டையை) கழற்றுவது, வெறும் பாபினைச் செருகுவது, மறுபடி நடப்பது. என் கால்களுக்கு அந்தத் தடம் தெரியும். அங்கே காலம் உறையவில்லை. மனிதர்கள் நடந்து நடந்து மரத்தையே தேய்த்திருக்கிறார்கள். அதைச் சொல்ல ஒரு வரி போதுமே!

இந்த ஊரின் கதையும் சிறியதல்ல. பாடக்கெட் அருவியில் 32 அடி இறங்கும் மெர்ரிமாக் ஆற்று நீரைக் கால்வாய்களில் திருப்பிவிட்டுத்தான் இங்கே சக்கரங்களைச் சுழற்றினார்கள். முதல் ஆலை 1823-ல் ஓடத் தொடங்கியது. கிராமத்துப் பண்ணைகளிலிருந்து வந்த இளம்பெண்கள்தான் தறிகளில் நின்றார்கள். கூலியைக் குறைத்தபோது 1834-லேயே வேலையை விட்டு வெளியே நடந்தவர்களும் அவர்கள்தான். பிறகு பஞ்சாலைத் தொழில் தென் மாநிலங்களுக்கு நகர, ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது. பூட் ஆலை 1955-ல் மூடப்பட்டது. இன்று அதில் அருங்காட்சியகம் இருக்கிறது. 80-க்கும் மேற்பட்ட பழைய தறிகளை அங்கே நிறுவியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை ஓட்டிக் காட்டும்போதே காதில் வைக்கப் பஞ்சு போன்ற அடைப்பான் கொடுக்கிறார்கள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த இரைச்சலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

மூன்றாவது படம், ரயில். 'பாஸ்டன் நோக்கி விரையும் ரயில்' என்றிருந்தது. இந்தப் பாதையில் இன்ஜின் வழக்கமாக லோவெல் பக்கத்து முனையில்தான் இருக்கும். பாஸ்டனுக்குப் போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது முன்னால் நின்று இழுக்கும். படத்தில் இன்ஜின் முன்னால் வருகிறது. ஆகவே அது லோவெலுக்கு வந்துகொண்டிருந்த ரயிலாகத்தான் இருக்க வேண்டும். சிறு பிழைதான், ஆனால் 1835-ல் திறந்த பாதை அது. தொடக்கத்தில் கருங்கல்லின்மீது தண்டவாளம் பதித்து, குலுக்கல் தாங்காமல் பிறகு மரக்கட்டைக்கு மாறினார்கள். அப்பேர்ப்பட்ட பாதையைத் திசை மாற்றி எழுதலாமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படம் தண்டவாளத்தின் நடுவில் நின்று எடுத்தது போலத் தெரிகிறது. நடைமேடையிலிருந்தே நல்ல படம் கிடைக்கும். நான் வாரந்தோறும் அங்கிருந்துதான் எடுக்கிறேன். தயவுசெய்து தண்டவாளத்தில் நின்று எடுத்த படங்களை வெளியிடாதீர்கள்.

லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் 1908 முதல் அமெரிக்க ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் படமெடுத்தார். படம் எடுத்ததோடு அவர் விடவில்லை. பெயர், வயது, என்ன வேலை என்று கேட்டுக் குறித்தார். குழந்தையின் உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தான்களோடு ஒப்பிட்டு அளந்துகொண்டார். சட்டைப் பைக்குள் கைவிட்டு, யாருக்கும் தெரியாமல் எழுதினார் என்பார்கள். அந்தக் குறிப்புகள் இருந்ததால்தான் அவருடைய படங்கள் சாட்சியாக நின்றன.

என்னிடமும் ஒரு படம் இருக்கிறது. எங்கள் ஆலை மூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன் வாசல் கேட்டில் எடுத்தது. நாற்பத்திரண்டு பேர். பின்புறம் வெள்ளையாக இருக்கிறது, யாரும் எதுவும் எழுதவில்லை. பேரன் கேட்டபோது விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். பத்தொன்பது பேருக்கு மேல் பெயர் வரவில்லை. முகங்கள் எல்லாம் நன்றாகத் தெரிகின்றன. மூன்றாவது வரிசையில் தலையில் பஞ்சுத் தூசியோடு சிரிப்பவர் என் பக்கத்து மெஷின்காரர், எட்டு வருடம் ஒரே ஷிப்ட். அவர் பெயர் எனக்கு வரவில்லை.

அடுத்து இப்படிப்பட்ட படங்களை வெளியிடும்போது எந்த ஊர், எந்த ஆலை, எந்த நாள், அங்கே என்ன வேலை நடந்தது என்று கீழே போடுங்கள். ஆட்கள் இருந்தால் பெயரைக் கேட்டு எழுதுங்கள். இந்தப் பக்கத்துக்கு இன்னும் படங்கள் வைத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். எது கார்டிங் (பஞ்சைச் சீவும் இடம்), எது ஸ்பின்னிங் (நூல் நூற்கும் இடம்), எது தறிக்கூடம் என்று தரையைப் பார்த்து எனக்குத் தெரிந்தவரை எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலைத் தொழிலாளி,
லோவெல்