போதகரின் படிப்பும் பயணமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குருப்பட்டம் பெற்றபின் ஒரு போதகர் மேற்கொண்டு படிப்பதும், பிற சபைகளைக் காணப் பயணம் செய்வதும் விசுவாசத்தைத் தளர்த்திவிடும் என்ற எண்ணம் திருச்சபையில் இன்னும் நிலவுகிறது. ஊழியத்தில் அண்மையில் காலடி வைத்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை.

சிறையிலிருந்த அப்போஸ்தலர் பவுல், துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியோடு புத்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும் எடுத்துவரும்படி தம் இளம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதினார். தம் முடிவு நெருங்கிவிட்டதை அறிந்திருந்தும், குளிருக்கு அங்கி கேட்ட அதே வாக்கியத்தில் படிக்க நூலும் கேட்ட அம்மனிதரைப் பற்றி நம் பிரசங்கங்கள் ஏனோ அதிகம் பேசுவதில்லை. எபேசு பட்டணத்தில் அவர் 2 ஆண்டுகள் திறன்னு என்பவரின் வித்தியாசாலையில் அனுதினமும் விவாதித்தார். 18ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி, கடிவாளத்தைத் தளரவிட்டுக் குதிரைமேல் இருந்தபடியே வாசித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார்.

பயணம் என்று நான் சொல்வது யோர்தான் நதிக்கரையில் படம் எடுத்துத் திரும்பும் சுற்றுலாவை அன்று. மௌனமாகக் காத்திருந்து ஆராதிக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின், பிரசங்க பீடமே இல்லாத கூடுகையில், யாரும் வாய் திறக்காமல் ஒரு மணி நேரம் கழியும்போது, பேசியே பழகிய போதகருக்கு முதலில் வருவது எரிச்சல்தான். தம் ஜெபங்களில் எவ்வளவு வெறும் பழக்கச் சொற்கள் என்பது அதன்பிறகே உறைக்கிறது.

எனவே சபை நிர்வாகங்கள், இளம் போதகர்களின் ஆண்டுப் பணித்திட்டத்திலேயே வாசிப்புக்கும் இத்தகைய பயணத்துக்கும் விடுப்பு ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இளம் போதகர் ஒருவர்